நீலச் சுவரும் கனகாம்பரமும்: எதிர்நிறங்களால் வீடியோவில் உணர்ச்சியைச் சொல்லத் தொடங்குவோருக்கு

பட்டுச் சேலைக் கடையில் மாம்பழ நிறச் சேலை கேட்டால், கடைக்காரர் ஒன்றை மட்டும் விரித்துக் காட்ட மாட்டார். அரக்கு பார்டர் போட்டது ஒன்று, மயில்கழுத்து பார்டர் போட்டது ஒன்று என்று இரண்டையாவது அருகருகே விரிப்பார். இரண்டின் உடல் நூலும் ஒரே சாயத் தொட்டியில் நனைந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் மயில்கழுத்தின் பக்கத்தில் அந்த மஞ்சள் இன்னும் பழுத்து ஆரஞ்சுப் பக்கம் சாயும். அரக்கின் பக்கத்தில் அதே மஞ்சள் வெளுத்து, லேசாகப் பச்சை கலந்தது போலத் தெரியும். நூல் மாறவில்லை, பக்கத்து நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பாரிஸில் கோப்ளான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே விஷயம் ஒரு புகாராகக் கிளம்பியது. அங்கே போடும் கறுப்புச் சாயம் சில இடங்களில் வெளிறித் தெரிகிறது என்றார்கள். சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரேல் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிற வைத்தன. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் பக்கத்து நிறமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்று 1839இல் பெரிய நூலாகவே எழுதினார்.

வீடியோவில் நிறத்தை வைத்து உணர்ச்சி சொல்ல வருகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். சிவப்புக்கு என்று தனியாக ஓர் உணர்ச்சி கிடையாது. எதன் பக்கத்தில் வைத்த சிவப்பு, எதற்குப் பிறகு வந்த சிவப்பு என்பதில்தான் உணர்ச்சி இருக்கிறது. போனில் படம் எடுத்து, இலவச மென்பொருளில் எடிட் செய்கிற ஒருவர் இதை எப்படிச் செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். வெறுமனே விதிகளாகச் சொன்னால் பிடிபடாது என்பதால், நான் சித்தி வீட்டில் எடுத்த இரண்டரை நிமிட வீடியோ ஒன்றை முழுக்க உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கதை சின்னது. அக்காவுக்குக் கல்யாணமாகி அவள் புறப்பட்டுப் போன மறுநாள் காலை. இத்தனை வருஷமும் இருவரும் சேர்ந்து இருந்த அறையில் தங்கை மட்டும் எழுந்திருக்கிறாள். வசனம் கிடையாது.

முதல் படி: எந்த உணர்ச்சி, எதனால்?

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் உணர்ச்சியை எழுதுங்கள். "சோகம்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த இடத்தில் எனக்கு எப்போதும் உதவுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை அது சொல்கிறது என்பது பலருக்கும் தெரியும். ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் அது பிரித்து வைத்திருக்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்தியதால் வரும் அழுகை வேறு, ஒன்றை இழந்ததால் வரும் அழுகை வேறு, முன்பிருந்த நிலை குலைந்து தளர்ந்ததால் வருவது வேறு, இல்லாமையால் வருவது வேறு. அச்சத்துக்கும் அப்படித்தான். அணங்கு என்னும் அச்சமூட்டும் தெய்வத்தால் வரும் பயமும், கள்வரால் வரும் பயமும், தலைவனிடம் உள்ள பயமும் ஒன்றல்ல.

நிறத்தை இந்தக் காரணம்தான் தேர்ந்தெடுக்கும். இழப்பைச் சொல்லும் கதையில் "இருந்தது", "இப்போது இல்லை" என்று இரண்டு பக்கம் இருக்கிறது. அவமானத்தைச் சொல்லும் கதையில் "அவர்கள் பக்கம்", "நான் மட்டும் தனி" என்று இரண்டு பக்கம். இந்த இரண்டு பக்கங்களையும் எழுதிவிட்டால் எதிர்நிறங்களை எங்கே வைப்பது என்பது பாதி தீர்ந்துவிடும். உணர்ச்சிக்கு நிறம் கொடுக்காதீர்கள், கதையின் இரண்டு பக்கங்களுக்குக் கொடுங்கள். எங்கள் கதையில் அறை நீலம், அக்கா ஆரஞ்சு. தங்கைக்கு நான் எந்த நிறத்தையும் ஒதுக்கவில்லை. அவள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறாள்.

சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்று அட்டவணைகள் நிறையக் கிடைக்கும். அவற்றை நம்பி வேலை செய்யாதீர்கள் என்றே சொல்வேன். நம் வீட்டில் மஞ்சள் என்பது நிலைப்படியில் பூசும் மங்கலமும்தான், காமாலை கண்ட கண்ணும்தான். வெள்ளைச் சேலை ஒரு பாட்டியின் மேல் ஒன்றைச் சொல்லும், ஒரு செவிலியரின் மேல் வேறொன்றைச் சொல்லும். சிவப்பு குங்குமமாகவும் இருக்கும், ரத்தமாகவும் இருக்கும். அட்டவணைக்கு உங்கள் கதையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

இரண்டாம் படி: எந்த வகை எதிர்மை?

சுவிட்சர்லாந்து ஓவியர் யோகன்னஸ் இட்டன், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பாடம் நடத்தியவர். நிறங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் விதங்களை அவர் ஏழாகப் பிரித்தார். தொடக்கத்தில் நமக்கு ஏழும் வேண்டாம், நான்கு போதும்.

வெம்மை–குளிர்மை முதலாவது. விளக்கொளியின் ஆரஞ்சு ஒரு பக்கம், விடியலின் நீலம் இன்னொரு பக்கம். வீட்டில் எடுக்கும் எந்தக் கதைக்கும் இது கைகொடுக்கும்.

நிறங்களை வரிசையாக அடுக்கிய நிற வட்டத்தில் நேர் எதிரே நிற்கும் நிறங்கள் இரண்டாவது. இங்கே பலரும் குழம்புவார்கள். பள்ளியில் கற்ற பெயின்ட் வட்டத்தில் சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, மஞ்சளுக்கு எதிர் ஊதா. ஆனால் திரையில் இருப்பது ஒளி. எடிட்டிங் மென்பொருளில் சிவப்புக்கு எதிரே சயான் (பச்சை கலந்த நீலம்), பச்சைக்கு எதிரே மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), நீலத்துக்கு எதிரே மஞ்சள் இருக்கும். துணியும் சுவரும் தேர்ந்தெடுக்கும்போது பெயின்ட் வட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளலாம். எடுத்த வீடியோவின் நிறத்தை மென்பொருளில் திருத்தும் கிரேடிங்கில் உட்காரும்போது ஒளியின் வட்டத்துக்கு மாறிவிட வேண்டும். முகத்தில் பச்சை ஏறியிருந்தால் மெஜந்தாவைச் சேர்த்தால்தான் சரியாகும், சிவப்பைச் சேர்த்தால் வேறெங்கோ போய்விடும்.

மூன்றாவது, அடர்த்தி. பளிச்சென்ற நிறத்துக்கும் சோர்ந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாடு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவதும், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். ஒரு பொருளைப் பளிச்சென்று காட்ட அதன் அடர்த்தியை ஏற்ற வேண்டியதே இல்லை. சுற்றியுள்ளவற்றின் அடர்த்தியைக் குறைத்தால் அது தானாக எழுந்து வரும்.

நான்காவது, பரப்பு. எந்த நிறம் திரையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பது. எல்லா நிறத்துக்கும் ஒரே கனம் இல்லை. ஜெர்மன் கவிஞர் கெதே தந்த ஒளிர்வு எண்களை எடுத்துக்கொண்டு இட்டன் ஒரு கணக்குச் சொன்னார். ஆரஞ்சு 1 பங்கும் நீலம் 2 பங்கும் இருந்தால் சமநிலை. மஞ்சள் 1 பங்குக்கு ஊதா 3 பங்கு. சிவப்பும் பச்சையும் சரிபாதி. கோலம் போடுபவருக்கு இது கைப்பழக்கமாகவே தெரியும், எவ்வளவு மஞ்சள் தூவினால் கண்ணைப் பறிக்கும் என்று.

இந்தக் கணக்கை நான் உடைப்பதற்காகத்தான் பயன்படுத்துகிறேன். கல்யாண வீட்டின் முதல் நாள் காட்சியை எடுப்பதாக இருந்தால் ஆரஞ்சும் நீலமும் ஒன்றுக்கு இரண்டு என்று வைத்திருப்பேன், மனம் நிறைந்து இருக்கும். மறுநாள் காலைக்கு அது ஆகாது. அறை முழுக்க நீலம், ஆரஞ்சு ஒரு விரல் நீளம் மட்டும். இருபதில் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு பெரிய நீலத்துக்குள் அவ்வளவு சின்ன ஆரஞ்சு கிடக்கும்போது, பார்ப்பவருக்கு எது குறைகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி: இடத்தில் இருக்கும் நிறத்திலிருந்து தொடங்குங்கள்

சித்தி வீட்டு அறைச் சுவர் வெளிர்நீல டிஸ்டெம்பர். நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் இருக்கும் நீலம்தான், ஆங்காங்கே உதிர்ந்து சுண்ணாம்பு தெரியும். நான் அந்த நீலத்தைத் தேடிப் போகவில்லை. அது அங்கே இருந்தது, அதற்கு எதிரே என்ன வைக்கலாம் என்று யோசித்தேன். கையில் பணம் குறைவாக இருக்கும்போது இதுதான் சரியான வரிசை: பெரிய பரப்பை இடம் கொடுக்கட்டும், சின்னப் பரப்பை நீங்கள் கொண்டு வாருங்கள்.

கொண்டு வந்தது கனகாம்பரம். கல்யாணத்தில் அக்கா தலையில் வைத்திருந்த சரத்தில் மீந்த துண்டு, கண்ணாடியின் ஆணியில் தொங்குகிறது. மல்லிகையும் கனகாம்பரமும் கலந்து கட்டிய சரம். மறுநாள் காலை அதைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? மல்லிகை ஓரமெல்லாம் பழுப்பேறிச் சுருண்டிருக்கும். கனகாம்பரம் முந்தின நாள் இருந்த அதே ஆரஞ்சில் இருக்கும். வாசனை இல்லாத பூ, ஆனால் நிறம் தாங்கும். முந்தின நாள் அறை முழுக்க மணத்த மல்லிகை போய்விட்டது, நிறம் மட்டும் மிச்சம். இதைக் கண்ட பிறகு அந்த வீடியோவுக்கு எனக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து வருவது விலக்கும் வேலை. நேரம் அதிகம் பிடிப்பது இதற்குத்தான். அறையின் நான்கு மூலையிலிருந்தும் போனில் ஒவ்வொரு போட்டோ எடுத்து, அதைச் சின்னதாக்கிப் பாருங்கள். கண் எங்கெல்லாம் போய் நிற்கிறதோ அதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அறையில் சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட், கிளிப்பச்சைப் பாய், கடை காலண்டர், கதவில் தொங்கிய மஞ்சள் துண்டு. எல்லாம் வெளியே போயின. பாய்க்குப் பதில் பழைய சாம்பல் நிறப் போர்வை. தங்கைக்குச் சந்தன நிறத்தில் சாயம் போன நைட்டி. ஒரே ஓர் ஆரஞ்சுதான் வேண்டும் என்றால், ஆரஞ்சின் உறவுக்காரர்களான சிவப்பும் மஞ்சளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

நான்காம் படி: வெளிச்சம்

நிறம் என்று நாம் சொல்வதில் பாதி, பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் நிறம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் சொல்வார்கள். எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம். மெழுகுவர்த்தி ஏறக்குறைய 1900. வார்ம் ஒயிட் எல்இடி பல்பு 2700 முதல் 3000. நடுப்பகல் வெயில் 5600 அளவில். கூல் டேலைட் என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வீட்டு டியூப்லைட் 6500. வெயில் நேராக விழாத நிழல் வெளிச்சம் 7000, அதற்கு மேலும் போகும்.

கேமராவில் ஒயிட் பேலன்ஸ் என்று வைக்கும் எண், எந்த வெளிச்சத்தை வெள்ளையாக எடுத்துக்கொள்வது என்று அதற்குச் சொல்லும் எண். அதைவிடக் கூடிய கெல்வின் எல்லாம் நீலமாகவும், குறைந்தது எல்லாம் ஆரஞ்சாகவும் பதிவாகும். ஆகவே ஜன்னலில் 7000, அடுத்த அறை பல்பில் 2700 இருக்கும்போது கேமராவை 4300 அளவில் வைத்தால், ஒன்று குளிர்ந்தும் ஒன்று வெதுவெதுப்பாகவும் ஒரே பிரேமில் நிற்கும். கலர் பேப்பரோ விலையுயர்ந்த விளக்கோ வேண்டியதில்லை.

இந்த எண்ணைப் பூட்டி வைக்காமல் எடுக்கவே எடுக்காதீர்கள். முதல் நாள் நான் ஆட்டோவில் விட்டுவிட்டேன். அறையை முழுதாகக் காட்டும் ஷாட்டில் சுவரின் நீலம் பிரேமை நிறைத்தது. போன் அதைத் தவறு என்று எடுத்துக்கொண்டு சுவரைச் சாம்பலாக்கியது. மெல்ல நகர்ந்து பூவின் கிட்டே போனபோது ஆரஞ்சு பிரேமை நிறைத்தது. அதையும் தவறு என்று எடுத்துக்கொண்டு பூவை மங்கச் செய்தது. நான் கட்டி வைத்த எதிர்மையின் இரண்டு முனையும் அப்படியே போய்விட்டது, ஒரு காலை முழுக்க எடுத்ததைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது பல போன்களில் புரோ மோடில் கெல்வின் எண்ணை வைத்துப் பூட்டலாம். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலி ஐபோனிலும் சில ஆண்ட்ராய்டு போன்களிலும் கிடைக்கிறது, அதிலும் செய்யலாம்.

முகத்தை மறந்துவிடக் கூடாது. எல்லாம் நீலமானால் முகமும் நீலமாகும், உயிரற்றுத் தெரியும். எங்கள் ஷாட்டில் கதவைப் பாதி திறந்து வைத்து, அடுத்த அறையில் எரியும் வார்ம் ஒயிட் பல்பின் வெளிச்சம் தங்கையின் ஒரு கன்னத்தில் மட்டும் படும்படி உட்கார வைத்தோம். மறுபக்கம் ஜன்னலின் நீலம். ஒரே முகத்தில் இரண்டும். ஜன்னல் பக்கம் இருட்டாகப் போகாமல் இருக்க ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தோம். அது போதுமாக இருந்தது.

மனிதத் தோல், கறுப்போ சிவப்போ மாநிறமோ, அடிப்படை நிறத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில், அதாவது ஆரஞ்சுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாறுவது அதன் வெளிச்ச அளவும் அடர்த்தியும்தான். அதனால்தான் நீலப் பின்னணியில் எந்த மனிதரும் தனித்துத் தெரிகிறார்கள். கறுத்த மேனி நீலச் சுவரின் முன்னால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எவ்வளவு அழகாக எழுந்து வரும் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதை வெளுக்க வைக்க வெளிச்சத்தைக் கொட்டாதீர்கள், பிறகு கிரேடிங்கிலும் வெளுக்காதீர்கள். அந்த முகத்தின் வெம்மைதான் உங்கள் எதிர்நிறம், அதை நீங்களே அழித்துவிடுவீர்கள்.

மலிவான எல்இடிகளில் சிவப்பு ஒளி குறைவாக இருக்கும், தோல் பச்சையடித்த மாதிரி தெரியும். வாங்குவதாக இருந்தால் சிஆர்ஐ (நிறங்களை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்று சொல்லும் எண்) 90க்கு மேல் என்று பார்த்து வாங்குங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமும் பதிவாகும் நேரத்தை, 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு விநாடியில் வைத்தால் விளக்கு மினுக்குவது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஐந்தாம் படி: எடுக்கும்போது

போனில் நிறத்தைத் தானாகவே கூட்டும் விவிட் போன்ற மோடுகளை அணைத்துவிடுங்கள். பளபளப்பைப் பிறகு கூட்டலாம், கூட்டிப் பதிவானதைக் குறைத்தால் பழைய நயம் திரும்பாது. கனகாம்பரம், சாமந்தி, குங்குமம் போன்றவற்றை எடுக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவு செய்யும் வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்குங்கள். முழுப் பிரேமும் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும் இவற்றில் சிவப்புச் சானல், அதாவது சிவப்பு ஒளியின் பதிவு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். அப்போது இதழின் மடிப்பு, நரம்பு எதுவும் தெரியாது, ஓர் ஆரஞ்சுக் கறை மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று. பெரும்பாலான போன்கள் வீடியோவில் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் பதிவு செய்கின்றன, நிறத்தை நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒன்று என்றுதான் பதிவு செய்கின்றன. தூரத்தில் தொங்கும் மெல்லிய பூச்சரத்தின் நிறம் சுவரில் கசிந்த மாதிரி ஆவது இதனால்தான். உங்கள் கதை ஒரு சின்ன நிறத்தை நம்பியிருந்தால் அதன் கிட்டே போய் ஒரு ஷாட்டாவது எடுத்துவிடுங்கள். போனில் 10 பிட் பதிவு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். 8 பிட்டில் ஒரு சானலுக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. வெறும் நீலச் சுவரில் வெளிச்சம் மெல்லக் குறைந்து போகும் இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிவது இதில் வெகுவாகக் குறையும்.

ஆறாம் படி: நேரத்தில் எதிர்மை

ஓவியத்தில் இல்லாத ஒரு வசதி வீடியோவில் இருக்கிறது. எதிர்நிறங்கள் ஒரே பிரேமில் இருந்தாக வேண்டியதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். இதை உணர ஒரு சோதனை செய்யுங்கள். கனகாம்பரத்தையோ ஆரஞ்சுத் துணியையோ அசையாமல் அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். பிறகு சட்டென்று வெள்ளைச் சுவரைப் பாருங்கள். அதே வடிவம் வெளிர்நீலமாக அங்கே மிதக்கும். ஒரு நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் அதற்குப் பழகி, அதன் எதிர்நிறத்துக்குத் தன்னைத் தயாராக்கிக்கொள்கிறது.

ஆகவே ஒரு நிறத்துக்காகப் பார்ப்பவரைக் காத்திருக்க வைக்கலாம். எங்கள் வீடியோவில் முதல் 50 விநாடிக்கு ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் எதுவும் கிடையாது. விழிப்பது, பக்கத்துப் படுக்கையைப் பார்ப்பது, போர்வையை மடிப்பது எல்லாம் நீலத்திலும் சாம்பலிலும்தான். கன்னத்தில் படும் பல்பு வெளிச்சத்தைக்கூட அதற்கப்புறம்தான் கொண்டு வந்தேன். 51ஆவது விநாடியில் பூ வருகிறது. முதலில் இதை 12ஆவது விநாடியில் வைத்திருந்தேன். பார்த்தவர்கள் "பூ அழகாக இருக்கிறது" என்றார்கள். தள்ளி வைத்த பிறகு என் சித்தி அந்த இடத்தில் எதுவும் சொல்லவில்லை, சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூ அதேதான், கிரேடிங்கும் அதேதான், முன்னால் வந்த நீலத்தின் நீளம் மட்டும்தான் மாறியது.

எடிட் முடிந்ததும் ஒவ்வொரு ஷாட்டிலிருந்தும் ஒரு பிரேமை எடுத்து வரிசையாக ஒட்டி, உருவம் தெரியாத அளவுக்கு மங்கலாக்கிப் பாருங்கள். நீண்ட நிறப்பட்டை ஒன்று கிடைக்கும். உங்கள் கதை திரும்பும் இடத்தில் பட்டையின் நிறமும் திரும்புகிறதா? கதை திரும்பாத இடத்தில் நிறம் தாவுகிறதா? என் முதல் எடிட்டில் 30ஆவது விநாடியில் ஒரு பச்சைத் துள்ளல் தெரிந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்த வாழை இலை. அந்த ஷாட்டை எடுத்துவிட்டேன்.

மற்ற உணர்ச்சிகளுக்கு இதே முறையை எப்படி மாற்றுவது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உவகைக்குப் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று எதிர் என்ற இரண்டு போதாது. திருவிழா வளையல் கடை மாதிரி பல நிறங்கள், எல்லாம் பளிச்சென்று, எதற்கும் முதலிடம் இல்லாமல் இருக்கட்டும். அச்சத்துக்குத் தோலின் இயல்பான வெம்மைக்கு எதிராக வேலை செய்யுங்கள். முகத்தில் லேசான பச்சை, பின்னால் ஒரு கதவிடுக்கில் மட்டும் இயல்பான வெளிச்சம். பாதுகாப்பான இடம் எங்கோ இருக்கிறது, நாம் அங்கே இல்லை என்று உடம்பு உணரும். வெகுளிக்கு அறை முழுக்கச் சிவப்பாக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். எல்லாம் அளவாக, வெளிறி, ஒழுங்காக இருக்கும் அறையில் அடர்ந்த நிறத்தில் ஒரே ஒரு பொருளை, கோபப்படுகிறவரின் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: கிரேடிங்

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே நமக்குப் போதும். வரிசைதான் முக்கியம். முதலில் எல்லா ஷாட்டுகளின் வெளிச்சத்தையும் சரிசெய்யுங்கள். அடுத்து ஒயிட் பேலன்ஸ் சிறிது தவறியவற்றை ஒன்றோடொன்று பொருத்துங்கள். சுவரின் ஒரே இடத்தை எல்லா ஷாட்டிலும் ஒப்பிட்டால் எளிது. அப்புறம்தான் உணர்ச்சிக்கான மாற்றம். இந்த வரிசையை விட்டுவிட்டு, எங்கிருந்தோ எடுத்த லட் (LUT, நிறங்களை மொத்தமாக மாற்றும் ஆயத்தக் கோப்பு) ஒன்றை முதலிலேயே போட்டால், ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு திசையில் போகும். நீங்கள் வைத்த எதிர்மை எது, லட் கொண்டுவந்தது எது என்று பிரிக்கவே முடியாது.

நான் செய்தது மிகக் கொஞ்சம். நிழல் பகுதிகளில் நீலத்தைச் சிறிது கூட்டினேன். மொத்த அடர்த்தியைக் குறைத்தேன், பூவைத் தனியாகத் தேர்ந்து அதற்கு மட்டும் பழைய அடர்த்தியை விட்டு வைத்தேன். பூவுக்குக் கூட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பிரேமில் உள்ள நிறங்களை ஒரு வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் வெக்டர்ஸ்கோப்பைத் திறந்து, தோல்நிறம் விழ வேண்டிய திசையைக் காட்டும் கோட்டைப் போட்டுக்கொண்டேன். முகத்தின் வெளிச்சமான பக்கம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஜன்னல் பக்கம் விலகி இருக்கலாம், கதை அதைத்தான் கேட்கிறது.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை திரையை விட்டு எழுந்து வெளியே பாருங்கள். கண் நீலத்துக்குப் பழகி, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இரவில் முடித்ததை மறுநாள் காலையில் பார்க்காமல் ஏற்றுமதி செய்யாதீர்கள்.

பிறகு அடர்த்தியைச் சுழியமாக்கி வீடியோவைக் கறுப்பு வெள்ளையில் ஒருமுறை முழுதாக ஓட்டுங்கள். எனக்கு அதில் பூ சுவரோடு கலந்து காணாமலே போனது. ஆரஞ்சும் நீலமும் நிறத்தில் எதிராக இருந்தும் வெளிச்சத்தில் சமமாக இருந்திருக்கின்றன. வெயிலில் நின்று போனில் பார்ப்பவருக்கும், நிறங்களை அறவே பிரித்தறிய முடியாதவருக்கும் அந்தப் பூ கிட்டத்தட்ட இல்லை. சிவப்பும் பச்சையும் பிரியாத கண் கொண்டவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள் என்பதால், சிவப்பு–பச்சை எதிர்மையை நம்பியிருக்கும் கதைக்கு இந்தச் சோதனை இன்னும் அவசியம். நான் சுவரைக் கொஞ்சம் இருட்டாக்கினேன், பூ திரும்பி வந்தது. கடைசியாக, விலை குறைந்த போன் ஒன்றில் பிரைட்னெஸைப் பாதியாக வைத்துப் பார்த்துவிடுங்கள். நம் வீடியோவைப் பெரும்பாலானோர் பார்க்கப்போவது அப்படித்தான்.

முடிவுக்கு நான் இரண்டு ஷாட் எடுத்திருந்தேன். ஒன்றில் தங்கை எழுந்து விளக்கைப் போடுகிறாள், அறை முழுக்க மஞ்சள் வெளிச்சம் பரவுகிறது. இன்னொன்றில் அந்தப் பூத்துண்டை ஆணியிலிருந்து எடுத்து, பழுத்த மல்லிகையை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுவிட்டு, மீந்த கனகாம்பரத்தைத் தன் பின்னலில் செருகிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். இரண்டாவதைத்தான் வைத்தேன். அந்த ஷாட்டில் சுவரின் நீலத்தை நான் கொஞ்சமும் குறைக்கவில்லை.